நிற்கிற மாதவிடாய், ஏறுகிற பிரஷர்

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் "நெஞ்சு படபடங்குது, தலை சுத்துது, ராத்திரி தூக்கமே இல்ல" என்றால் வீட்டில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்." பதில் முழுத் தப்பில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும் அந்த வருடங்களில் உடம்பு குப்பென்று சூடாகும், வியர்க்கும், படபடக்கும். ஆனால் பேச்சு அதோடு முடிந்துபோவதால் பிரஷர் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. உயர் ரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்தால்தான் தெரியும்.

மேலைநாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. நம் பெண்களுக்கு 46, 47லேயே நின்றுவிடுகிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க ஈஸ்ட்ரோஜன் துணை செய்கிறது. அது குறையும்போது குழாய்கள் விறைக்கின்றன. உப்புக்கு உடம்பு காட்டும் எதிர்வினையும் கூடுகிறது. முப்பது வயதில் ஒன்றும் செய்யாத ஊறுகாயும் அப்பளமும் இப்போது கணக்கில் வரும். பிரஷர் ஏறுவதில் வயதின் பங்கு எவ்வளவு, ஹார்மோனின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களுக்குள் வழக்கு தீரவில்லை. கெட்ட கொழுப்பில் அந்தக் குழப்பம் குறைவு. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வில், கடைசி மாதவிடாயை ஒட்டிய காலத்தில் எல்டிஎல் எனும் இந்தக் கெட்ட கொழுப்பு சட்டென்று ஏறியது தெரிந்தது.

எடை மெஷினில் முள் அசையாமலே பாவாடை நாடா இறுகுவதும் இந்தச் சமயத்தில்தான். இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு இனி வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுப்பது இந்தக் கொழுப்புதான். வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல், ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பு 50க்குக் கீழ், பிரஷர் 130/85ஐத் தொட்டது, வெறும்வயிற்றுச் சுகர் 100ஐத் தொட்டது: இவற்றில் மூன்று சேர்ந்தாலே வளர்சிதை மாற்றக் கோளாறு என்பது மருத்துவக் கணக்கு. தையல்காரர் டேப் ஒன்று போதும், முதல் பரிசோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம்.

இந்த வயதில் மூட்டுவலியும் சேர்ந்துகொள்ளும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேகத்தையும் குறைக்கும். டாக்டரிடம் இதைச் சொல்கிறவர்கள் குறைவு. "அது சும்மா வலி மாத்திரைதானே!" கர்ப்ப காலத்தில் பிரஷரோ சுகரோ இருந்திருந்தால் அதையும் நாமாகவே சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய பிரசவத்தைப் பற்றி எல்லா டாக்டரும் கேட்பதில்லை, அந்தப் பெண்களுக்கோ ஆபத்து அதிகம்.

பிரஷர் பார்க்கப் படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டினால் அளவு தப்பும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து, பேசாமல் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது மாமியாருக்கு மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடும் மருமகளுக்கும் வயது நாற்பத்தாறாக இருக்கலாம்.

உடம்புச் சூடும் வியர்வையும் தாங்கமுடியாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. அது இதயத்தையும் காக்கும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று அந்த நம்பிக்கையை உடைத்தது. ஆகவே பிரஷருக்குத் தனி மருந்துதான். அளவு இறங்கியதும் அதை நாமாக நிறுத்தினால் பிரஷர் மறுபடி ஏறிவிடும்.