தூசி யார் தலையில் விழும்? ‘ஜாதகம்’ கணிக்கிறது கம்ப்யூட்டர்! கணக்கில் ஓட்டை இருந்தால் வட சென்னை கதி என்ன?

சென்னை,

எண்ணூரில் கிளம்புகிற சாம்பல் தூசி யார் வீட்டு மாடியில் போய் விழும்? புகைபோக்கிக்குப் பக்கத்து வீட்டில்தான் என்று நினைத்தால் தப்பு! பக்கத்துத் தெருக்காரர் தப்பித்துக் கொள்வார். பல கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் ‘லொக் லொக்’ என்று இருமிக் கொண்டிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் கம்ப்யூட்டர். பெரிய ஆலை கட்ட அனுமதி கேட்பவர்கள், தங்கள் தூசி எங்கெங்கே எவ்வளவு பரவும் என்று வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும். 2006ம் ஆண்டு மத்திய அரசு உத்தரவு இது. வரைபடம் தப்பானால் ஒரு பேட்டையே அவதிப்பட வேண்டியதுதான்!

எப்படிப் போடுகிறார்கள் கணக்கு?

புகைபோக்கி எத்தனை மீட்டர் உயரம், புகை எவ்வளவு சூடு, என்ன வேகத்தில் வெளியே வருகிறது, ஒரு வினாடிக்கு எத்தனை கிராம் தூசி – இத்தனையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அப்புறம் காற்றின் வேகம், திசை, வெயில். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் தனிக் கணக்கு!

ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு தூசி என்று அது சொல்லிவிடும். 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி, 24 மணி நேர சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

500 மெகாவாட் அனல் மின் யூனிட் என்றால் புகைபோக்கி 275 மீட்டர் வரை இருக்கும். உயரம் கூடினால் தூசி குறையாது. தூரமாகப் போய்ப் பரவும், அவ்வளவுதான்!

கடற்காற்றின் சதி

சென்னைவாசிகள் மதியம் ஆவலோடு காத்திருக்கும் கடற்காற்றுதான் இங்கே வில்லன். கடல் மேலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் புகை கலையாமல் உயரத்திலேயே மிதந்து வரும். உள்ளே வர வர, சூடேறிய தரை அந்தக் காற்றைக் கலக்கிவிடும். மேலே போன புகை ‘தடால்’ என்று கீழே இறங்கும்.

அமெரிக்காவின் ‘ஏர்மாட்’ கணக்கு முறை பல நாடுகளில் புழங்குகிறது. ஆனால் கடலோரத்தின் இந்தச் சேஷ்டையை அது கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு வேறு கணக்கு முறைகள் உண்டு.

சொன்னால்தான் தெரியும்!

இன்னொரு ஓட்டை. ஏற்றாத தூசியைக் கம்ப்யூட்டர் காட்டாது. தார்ப்பாய் மூடாத லாரி, ரோட்டுப் புழுதி, சாம்பல் குட்டை – இவற்றை விட்டுவிட்டால் வரைபடத்தில் காற்று ‘பளிச்’!

சென்னை துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வது ஐகோர்ட்டு உத்தரவால் 2011ல் நின்றது. ராயபுரம் பக்கம் மூச்சு விட்டது. நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. கூடவே தூசியும்தான்! பழைய கணக்கை வைத்துப் புது வரைபடம் போட்டால் என்ன பிரயோஜனம்?

மக்கள் என்ன கேட்கலாம்?

பெரிய ஆலைகள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். போய்க் கேளுங்கள்:

காற்றுக் கணக்கு எண்ணூரில் எடுத்ததா, 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள மீனம்பாக்கத்தில் எடுத்ததா?

கடற்காற்றைச் சேர்த்தீர்களா?

லாரித் தூசியும், பக்கத்து ஆலைகளின் தூசியும் கணக்கில் உண்டா?

மணலியில் இருக்கும் தானியங்கிக் கருவி காட்டிய அளவோடு உங்கள் வரைபடம் ஒத்துப் போகிறதா?

கேட்ட கேள்வியை அதிகாரிகள் எழுதி, கூட்டத்திலேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அது வரை யாரும் எழுந்து போக வேண்டாம்!