டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வார்டு

பொம்மையிடம் அனுமதி கேட்க வேண்டும். தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, அதன் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டு, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று விசாரித்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்கலாம். செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியபடி செய்ய வேண்டும். ஓரமாக ஒரு தேர்வாளர் தாளில் டிக் அடித்துக்கொண்டிருப்பார். கோட்டயத்திலோ நாகர்கோவிலிலோ பத்து வருடம் ஐ.சி.யூ. பார்த்த அனுபவசாலிக்கும் இதில் விலக்கு கிடையாது.

இதன் பெயர் ஆஸ்கி. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு பெற வெளிநாட்டில் படித்தவர்கள் தாண்டவேண்டிய கடைசிக் கட்டம். அதற்கு முன்பே ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆஸ்கியில் மொத்தம் பத்து நிலையங்கள், கட்டணம் 794 பவுண்டு. பெரும்பாலும் வேலைக்கு எடுத்த மருத்துவமனையே கட்டிவிடுகிறது. தேறும்வரை பெரும்பாலும் பேண்ட் 4 என்ற சம்பளப் படிநிலை, தேறிய பிறகு அதற்கு அடுத்த பேண்ட் 5. அந்நாட்டுச் செவிலியர் பதிவேட்டில் இருக்கும் எட்டு லட்சத்துச் சொச்சம் பேரில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும்தான் அதில் பெரும்பங்கு.

தேர்வில் தேறுவது பெரிய விஷயமில்லை என்று தேறியவர்கள் சொல்வார்கள். கோச்சிங் சென்டர்கள் இருக்கின்றன, செய்முறை வீடியோக்கள் இருக்கின்றன, மனப்பாடம் செய்துவிடலாம். மனப்பாடம் செய்ய முடியாதது வார்டு.

முதல் அதிர்ச்சி பெரும்பாலும் காலை ஏழரை மணிக்கு மேல் வரும். நம்மூர் ஆஸ்பத்திரியில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் கூட இருக்கும் மகளோ மருமகளோ செய்கிற வேலை. ஆள் இல்லாவிட்டால் ஆயாம்மா. நர்ஸ் என்றால் ஊசி, மருந்து, ட்ரிப், கேஸ் ஷீட். பிரிட்டனில் உறவினர் பார்வை நேரத்தில் வந்து போகிறவர், அவ்வளவுதான். உதவிக்கு ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் உண்டு. ஆனால் இருவருக்கும் சேர்த்து எட்டு, பத்துப் படுக்கை. எனவே எம்.எஸ்சி. முடித்தவரும் கையுறை மாட்டிக்கொண்டு குளிப்பாட்ட இறங்கித்தான் ஆக வேண்டும்.

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. திரையை முழுக்க இழுத்து மூட வேண்டும். தண்ணீரின் சூடு போதுமா என்று கேட்க வேண்டும். துடைக்கிற பகுதியை மட்டும் திறந்து, மற்ற இடமெல்லாம் துண்டால் மூடியிருக்க வேண்டும். முகத்தை அவரே துடைத்துக்கொள்ள முடியுமானால் துணியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வேகமாக முடிகிறதே என்று நாம் துடைத்துவிடக் கூடாது. குளிப்பாட்டும்போதே முதுகும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று பார்த்து எழுத வேண்டும், படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் அங்கேதான் தெரியும். இதையெல்லாம் கீழான வேலை என்று நினைத்து வந்தவர்கள் சில மாதங்களில், நோயாளியைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்வதே அந்த அரைமணி நேரத்தில்தான் என்று சொல்லத் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது அதிர்ச்சி நேர் எதிர்த் திசையில் வருகிறது. ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடித்து வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போட்டவருக்கு அங்கே அதைத் தொட அனுமதியில்லை. அந்த மருத்துவமனையின் பயிற்சி வகுப்புக்குப் போய், மேற்பார்வையில் சில முறை போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகே தனியாகப் போடலாம். ரத்தம் எடுப்பதற்கும் நரம்பு வழி மருந்து கொடுப்பதற்கும் இதே கதைதான். நேற்றுப் படித்து முடித்து வந்த இளம் டாக்டர் மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்காமல் தவிப்பதைப் பத்து வருட அனுபவக்காரர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாதுகாப்புக்கான விதிதான், மறுக்க முடியாது. என்றாலும் பல நாடுகளில் ஆளைத் தேடிப் பிடித்து அழைத்து வந்த ஒரு நிர்வாகம், அவர்கள் கைத்திறனை மாதக்கணக்கில் பூட்டி வைப்பது விரயம்.

கைகளைப் பற்றி இன்னொன்று. முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது. வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். கல் இல்லாத ஒற்றை மோதிரத்துக்கு மட்டும் அனுமதி. கடிகாரம் சட்டை மார்பில் தலைகீழாகத் தொங்கும்.

இவை பழகிவிடும். பழகச் சிரமமானது பெரியவர்களிடம் பேசுகிற விதம். நம்மூரில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வார்டே எழுந்து நிற்கும். கேட்டதற்கு மட்டும் பதில், மற்றபடி 'யெஸ் சார்'. பிரிட்டனில் கன்சல்டன்ட் தன்னை டேவிட் என்றோ சாரா என்றோ கூப்பிடச் சொல்வார். அதுகூடப் போகட்டும். டேவிட் எழுதிய மருந்தின் அளவு தவறாகத் தெரிந்தால் அதைக் கொடுக்காமல் நிறுத்தி, ஏன் என்று கேட்பது நர்ஸின் கடமை. பேசாமல் கொடுத்துவிட்டால், எழுதியவரோடு கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் துணிச்சலை ஆளின் சுபாவத்துக்கு விட்டுவிடாமல் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல், நினைவு நிலை, தனி ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் போடும் 'நியூஸ்' என்ற முறையை ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. கூட்டுத்தொகை ஐந்தைத் தொட்டால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். ஏழு என்றால் அவசரகாலக் குழு. அது இரவு மூன்று மணியாக இருந்தாலும் சரி. தூக்கத்தைக் கெடுத்ததற்காக யாரும் திட்ட முடியாது. கூப்பிடாவிட்டால்தான் கேள்வி வரும். மரியாதை கருதித் தயங்கிப் பழகியவருக்கு இந்த எண் ஒரு பெரிய துணை.

தவறு நடந்தால்? மருந்து மாறிப் போனாலோ நோயாளி விழுந்துவிட்டாலோ முதலில் அவரிடமே சொல்லி வருத்தம் தெரிவித்து, பிறகு டேட்டிக்ஸ் போன்ற கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும். இதன் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 2005 முதல் 2009 வரை இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் புறக்கணிக்கப்பட்டதை ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013-ல் விரிவாக வெளிக்கொண்டு வந்தது. குறைகளைச் சொன்னவர்கள் அங்கே வாயடைக்கப்பட்டிருந்தார்கள். ஒளிக்காமல் சொல்வது அதன் பிறகுதான் சட்டக் கடமையானது. மெமோவுக்கும் சம்பளப் பிடித்தத்துக்கும் பயந்து வளர்ந்த நர்ஸுக்கோ, தன் பெயரிலேயே புகார் எழுதிக்கொள்வது போலத்தான் முதலில் இருக்கும்.

அந்தப் பயம் முழுக்க ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2015 முதல் இனவாரியாகத் தன் ஊழியர் நிலவரத்தை வெளியிட்டு வருகிறது. வெள்ளையர் அல்லாதவர்கள் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகும் வாய்ப்பும், தொல்லைக்கு ஆளாகும் வாய்ப்பும் அதிகம் என்பதை அந்தக் கணக்குகளே காட்டுகின்றன. 'மனம் திறந்து பேசு' என்று சொல்லிக்கொடுப்பவர்கள், பேசியவருக்கு என்ன ஆனது என்பதையும் வகுப்பில் சொல்லித்தந்தால் நன்றாக இருக்கும்.

நோயாளியும் வேறு மாதிரி. நம் ஊரில் மாத்திரை வேண்டாம் என்கிற பாட்டியைக் கெஞ்சிக் கொஞ்சி விழுங்கவைப்பது அக்கறை. அங்கே சுயநினைவோடு யோசித்து மறுத்தால் விளைவைச் சொல்லி, மறுப்பை எழுதி வைத்துவிட்டு நகர வேண்டும். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் சொல்லாதீர்கள் என்று மகன் கேட்டால் ஒத்துக்கொள்ள முடியாது. போனில் விசாரிக்கிறவர் யார் என்று உறுதியாகாமல் ஒரு தகவலும் கொடுக்கக் கூடாது. அந்தப் போனில் கிளாஸ்கோ உச்சரிப்போ லிவர்பூல் உச்சரிப்போ வந்துவிட்டால், ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் எடுத்த ஏழு எந்த உதவிக்கும் வராது.

ஆனால் இதெல்லாம் உள்நாட்டவருக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். கேட் கிரேஞ்சர் என்ற இங்கிலாந்து டாக்டர் புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னைத் தொட்டுச் சிகிச்சை செய்த பலரும் பெயர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 2013-ல் அவர் தொடங்கிய இயக்கத்தால்தான் மருத்துவமனைகளில் பலரும் 'ஹலோ, என் பெயர்…' என்ற பேட்ஜைக் குத்திக்கொள்கிறார்கள். கிரேஞ்சர் 2016-ல் தன் 34-வது வயதில் இறந்தார். ஆஸ்கி பொம்மையிடம் வெளிநாட்டு நர்ஸ் ஒப்பிக்கிற அந்த முதல் வரியை உள்ளூர்க்காரர்களும் பயிற்சி எடுத்தே பழக வேண்டியிருந்தது.

கோட்டயத்தில் நர்ஸிங் படித்து 2011-ல் பிரிட்டனுக்குப் போன பிஜோய் செபாஸ்டியன், 2024-ல் அந்நாட்டின் செவிலியர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங்கின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேண்ட் 5-ல் தொடங்கியவர் அந்த இடத்துக்கு வந்தது பெருமைதான். ஆனால் அவர் தலைவராவதற்குள் காற்று திசை மாறத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டு ஆள்சேர்ப்பை வெகுவாகக் குறைப்பது என்று என்.எச்.எஸ். 2023 ஜூனிலேயே திட்டம் வெளியிட்டுவிட்டது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான காத்திருப்பை ஐந்து வருடத்திலிருந்து பொதுவாகப் பத்தாக உயர்த்தும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு முன்வைத்தது. இதற்கிடையில் பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் 2017 தொடக்கத்திலிருந்து குறைந்தது 1,800 மணி நேரம் வேலை பார்த்த நர்ஸுகளுக்கு 2025 ஏப்ரலில் விரைவுப் பாதை திறந்தது ஆஸ்திரேலியா. முழுநேர டூட்டியில் ஏறக்குறைய ஒரு வருடத்தில் கிடைத்துவிடும் கணக்கு அது. வார்டு ஓய்வறைகளில் இப்போது ரோஸ்டரைப் பார்த்து மணிகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.