முந்தி வளர்ந்தவனும் பிந்தி வளர்பவனும்

இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்புகள் தங்கள் இளைஞர் அணிகளுக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கையில் வயதைச் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கணக்கிடுவதால், செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும், இடையே ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம் இருந்தபோதிலும், சம வயதினராகவே மைதானத்தில் இறங்குகிறார்கள். இந்த அணிகளில் மூத்த மாதக்காரர்களே மிகுந்திருப்பதில் வியப்பில்லை. அதைவிடப் பெரிய வித்தியாசத்தைச் சரீரமே உண்டாக்கிவிடுகிறது. ஆண்பிள்ளைகளின் உயரம் சராசரியாகப் பதினான்காம் பிராயத்தை ஒட்டி வருஷத்துக்கு 9, 10 சென்டிமீட்டர் வீதம் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆனால் அந்த வேகம் ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிட, மற்றொருவனுக்குப் பதினாறுவரை தாமதிக்கக்கூடும். மீசை அரும்பிய ஒருவன், பால்முகம் மாறாத எதிரியைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் பந்தோடு ஓடுவதைக் கண்டு, அதைத் திறமையென்று பயிற்சியாளர் குறித்துக்கொள்வாரானால், பாராட்டுக்குரியது அவனுடைய ஆட்டமா, ஹார்மோன்களா என்று கேட்கத் தோன்றுகிறது. உயரம் போதாதென்று பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் கழித்துவிட்ட ஜேமி வார்டி, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறு அணிகளில் ஆடி, 2016-ல் லெஸ்டர் அணியோடு பிரீமியர் லீக் பட்டத்தை வென்றார்.

இதற்குப் பரிகாரமாக, பையனுடைய உயரத்தையும் எடையையும் பெற்றோரின் சராசரி உயரத்தையும் கொண்டு, அவன் பெரியவனானால் எவ்வளவு உயரம் இருப்பான் என்று அனுமானிக்கும் முறையொன்றைப் பயன்படுத்துகிறார்கள். காமிஸ், ரோச் என்ற இருவர் 1994-ல் வகுத்தது அது. (தகப்பனார்கள் தங்கள் உயரத்தைச் சற்றுக் கூட்டியே சொல்வார்களாதலால் அதற்கும் ஒரு கழிவு உண்டு.) அந்த அனுமான உயரத்தில் 85-லிருந்து 90 சதவீதத்தை எட்டியவர்களை, வயதைப் பாராமல் ஒரே ஆட்டத்தில் இறக்கிப் பார்க்கும் பரீட்சை 2015-ஐ ஒட்டி அங்கே தொடங்கியது.

பிந்தி வளர்பவனுக்கு இதனால் அனுகூலம் என்பது எவருக்கும் விளங்கும். இடிபடாமல் பந்தைக் காலில் வைத்துக்கொள்ளவும், துணிந்து ஒரு யுக்தியைச் செய்து பார்க்கவும் அவனுக்கு இடம் கிடைக்கிறது. என் மனத்தில் நின்றதோ முந்தி வளர்ந்தவனுடைய கதைதான். தன் பருமனுக்கு ஒத்த மூத்த பையன்களிடையே அவனது தோள்பலம் செல்லுபடியாகவில்லை. பந்து வருமுன்பே தலையைத் திருப்பி இடம் பார்த்து, ஒரே தொடுகையில் தோழனுக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. கஷ்டமாக இருந்தாலும் கற்றுக்கொண்டது அதிகம் என்று அத்தகைய பையன்களே ஆராய்ச்சியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பலத்தால் வென்று பழகியவன், மற்றவர்களும் வளர்ந்து முடித்த பதினெட்டாம் வயதில் கைவசம் வித்தையின்றி நிற்கும் துர்ப்பாக்கியம் அவனுக்கு இப்படித் தப்பக்கூடும்.

ஆயினும் வயதுப்படியான ஆட்டங்களை யாரும் கைவிட்டுவிடவில்லை. பெரியவர்களின் இடிக்குத் தப்பத் தப்பவே சிறியவனுக்குச் சாதுரியம் கூர்மையடைகிறது என்பதால், இரண்டையும் மாற்றி மாற்றி நடத்துவதே பயிற்சியாளர்களின் வழக்கமாயிருக்கிறது.