உங்களுக்குத் தெரியுமா? மாட்டுப்பட்டியின் மலைப்பாதைகள்

● மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியின் பெயரிலேயே மாடு மேய்கிறது. ‘பட்டி’ என்றால் கால்நடைகளை அடைக்கும் தொழுவம். 1963-ல் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கியதும் இங்கேதான்.

● மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக, மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷன் என்ற ஊருக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுத்த வண்டி. 1908-ல் குறுகிய பாதை ரயில். 1924 பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றுவிட்டது.

● டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடம் வழியே தேனி மாவட்டத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. அதே சரிவில்தான் குரங்கணிக்கு இறங்கும் மலைப்பாதை இருக்கிறது.

● டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் உள்ள பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 1.3 சதுர கிலோமீட்டர்தான். 2003-ல் தேசியப் பூங்காவான இச்சிறு காட்டில், நீலகிரி மார்ட்டென் என்ற அரிதான விலங்கு வாழ்கிறது.

● சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. நாம் பாதையை விட்டு விலகி மிதித்தால், புல் அழிந்து மண் அரிக்கப்படுகிறது.

● கோடையில் காய்ந்த புல் நொடியில் பற்றும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

நினைவில் கொள்ளுங்கள்: வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியுடன் மட்டுமே நடங்கள். தீப்பெட்டி வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காட்டுக்கு நாம் விருந்தாளிகள்.