மலைக்காரர்களுக்கு ஒரு ஸ்கூபா பாடம்

கீழ்ப்பழனி மலை ஊரான பாச்சலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கே போவது, எப்படித் தொடங்குவது என்பது கேள்வி. எங்கே என்பதற்குப் பதில் சுலபம். சென்னையிலும் புதுச்சேரியிலும் பயிற்சிப் பள்ளிகள் உண்டு, ராமேசுவரம் பக்கமும் கற்றுத்தருகிறார்கள். காசும் விடுமுறையும் கூடுதலாக இருந்தால் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகலாம். எப்படி என்பதற்கும் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே பாடத்திட்டம்தான். கொஞ்சம் வகுப்பு, பிறகு நீச்சல் குளத்தில் பழக்கம், அதன்பின் கடலில் நான்கு முறை இறங்குதல், ஆக மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். தேறியவர் ஒரு துணையோடு 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, செவிப்பறையில் ஓட்டை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இதையெல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கேட்க மறப்பது, வகுப்பு முடிந்து நீங்கள் எந்த ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள் என்பதை. பாச்சலூர்க்காரருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

முதுகில் கட்டியிருக்கும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று செய்தித்தாள்களே எழுதுகின்றன. அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான், 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்தது. ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. அங்கே நெஞ்சை விரித்து மூச்சிழுக்க வேண்டுமானால் வாய்க்கு வரும் காற்றும் அதே அழுத்தத்தில் வர வேண்டும். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் சேர்ந்து செய்த ரெகுலேட்டர், எந்த ஆழத்தில் எந்த அழுத்தமோ அதற்கேற்பக் காற்றை அளந்து கொடுத்தது. ஸ்கூபா பரவலானது அதற்குப் பிறகுதான். ஆனால் 18 மீட்டரில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் கரையில் இழுப்பதைப்போல 2.8 மடங்கு அடர்த்தியானது. ஆக்சிஜனை உடல் செலவழித்துவிடும். நைட்ரஜனுக்கு உடம்பில் ஒரு வேலையும் இல்லை. அது ரத்தத்தில் கரைந்து, தசை, கொழுப்பு, மூட்டு என்று போய்த் தங்குகிறது. கீழே இருக்கும்வரை அது எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. மேலே வரும்போதுதான் கணக்குத் தீர்க்க வேண்டும். ஆவி அடங்குமுன் குக்கரின் வெயிட்டைத் தூக்கினால் உள்ளே அதுவரை அடங்கிக் கிடந்த பருப்பு எப்படிப் பொங்கிச் சீறுமோ, அப்படி, அழுத்தம் சட்டென்று குறைந்தால் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும். மூட்டில் குமிழி வந்தால் வலி. தண்டுவடத்தில் வந்தால் கால் மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாகவே.

அழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம், எவ்வளவு வேகத்தில் குறைக்கலாம் என்பதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்தார். குமிழி நோய் கண்ட ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் அவருக்கு அடையாளம். 1908இல் அவர் குழு வெளியிட்ட அட்டவணைகளின் வழிவந்தவைதான் இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்களும். அழுத்தத்தைச் சுமார் பாதியாகக் குறைப்பதை உடல் தாங்கிக்கொள்கிறது, அதற்கு மேல் தாங்குவதில்லை என்பது அவர் கண்டது. உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதோ விடுவதோ இல்லை என்பதும் அவர் கண்டதே. ரத்த ஓட்டம் மிகுந்த பகுதிகள் சில நிமிடங்களில் பாதியை வெளியேற்றிவிடும். மந்தமான பகுதிகளுக்கு அதே பாதியை விட மணிக்கணக்காகும். இரண்டு மணிக்கொருமுறை பாதியாகும் ஒரு திசுவை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரத்தில் ஆறு முறை பாதியாகி, கூடுதலாக ஏறியதில் நூற்றில் ஒன்றரைப் பங்குதான் மிஞ்சும். நான்கு மணிக்கொருமுறை பாதியாவதென்றால் அதே நேரத்தில் எட்டில் ஒரு பங்கு இன்னும் உள்ளேயே இருக்கும். கரையேறிய பின் காத்திருக்கச் சொல்வதன் பின்னணி இதுதான். ஒரே முறை இறங்கியவர் 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் இறங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. விமானத்துக்கு மட்டும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதி பேசுவது சுமார் 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்தின் அழுத்தத்தைப் பற்றி. விமானத்துக்குள்ளும் அந்த அழுத்தம்தான், 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலிலும் அதுதான். கீழ்ப்பழனி மலை ஊர்களும் 600 மீட்டர் எல்லைக்கு நன்றாகவே மேலே இருக்கின்றன. நைட்ரஜனுக்கு விமானமும் ஒன்றுதான், மலைப் பேருந்தும் ஒன்றுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பாச்சலூரிலிருந்து வடகாடு வழியாக ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கும்போது காது அடைக்கிறதே, அந்த அழுத்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1,000 மீட்டர் மலையிறக்கம் முழுவதும் சேர்ந்து கடல்நீரில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான். கொடைக்கானலிலிருந்து கடல் மட்டம் வரை என்றாலும் இரண்டேகால் மீட்டர். (தண்ணீரில் முதல் மீட்டரிலேயே மூக்கைப் பிடித்துக் காதைச் சரிசெய்யச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான், அத்தனை கொண்டை ஊசி வளைவுகள் செய்வதைத் தண்ணீர் இரண்டு விநாடியில் செய்துவிடும்.) 18 மீட்டரை அனுபவித்த உடம்பு இந்த இரண்டு மீட்டருக்கா அஞ்ச வேண்டும்? அஞ்சத்தான் வேண்டும், ஏனென்றால் குமிழிக்கு மீட்டர் கணக்கு தெரியாது, விகிதம்தான் தெரியும். 18 மீட்டரிலிருந்து 16க்கு வந்தால் அழுத்தம் நூற்றுக்கு ஏழுதான் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போனால் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் குறைகிறது. கரையேறியபோது ஒரு திசுவில் இயல்பைப்போல ஒன்றரை மடங்கு நைட்ரஜன் இருந்து, உடனே மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினால், சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட அது கிட்டத்தட்ட 1.9 மடங்காகிவிடும். ஹால்டேனின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. மலையிலிருந்து இறங்கி அன்றே கடலில் குதிப்பதில் இந்த ஆபத்து கிடையாது, மலைக்காரர் உடம்பில் நைட்ரஜன் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆபத்து திரும்புகிற வழியில் மட்டும்தான்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். பயிற்சியின் கடைசி நாளில் பெரும்பாலும் இரண்டு முறை இறக்குவார்கள், மதியத்துக்குள் முடியும். ராமேசுவரத்தில் சாப்பிட்டுவிட்டு வண்டி பிடித்தால் மதுரை, ஒட்டன்சத்திரம் வழியாக இரவுக்குள் மலையேறிவிடலாம். 18 மணி நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதோ பத்தோதான் ஆகியிருக்கும். உள்ளூர்க்காரர் மட்டுமல்ல, ராமேசுவரம், மதுரை, கொடைக்கானல் என்று வரிசையாகச் சுற்றிக்காட்டுவது தமிழ்நாட்டுச் சுற்றுலாவின் பழைய வாய்ப்பாடு. அந்த வாய்ப்பாட்டில் இப்போது "நீச்சல் தெரிய வேண்டியதில்லை" என்று சொல்லி ஒரு கடலடிப் படப்பிடிப்பையும் செருகிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருமுறை முழுக்கில் ஆழமும் நேரமும் குறைவு, ஏறும் நைட்ரஜனும் குறைவு என்பார்கள். உண்மைதான், அதனால்தான் அவர்களுக்கு 18க்குப் பதில் 12 மணி நேரம். போய் வந்த பலருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றும் கேட்பார்கள். ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? தோளிலோ முழங்காலிலோ ஒரு குடைச்சல், தோலில் அரிப்பு, காரணமில்லாத அசதி: மிதமான குமிழி நோயின் அறிகுறிகள் இவைதான், பல மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். பத்து மணி நேரம் பேருந்தில் வந்தவர் அதைப் பயணக் களைப்பு என்று தைலம் தடவிக்கொண்டு படுப்பாரே தவிர, சந்தேகப்பட மாட்டார். டைவ் கம்ப்யூட்டர் எச்சரிக்கும் என்பதும் கற்றுக்கொள்பவருக்கு உதவாத வாதம். வாடகைக் கருவி கரையிலேயே பள்ளியிடம் போய்விடும், நைட்ரஜன் உங்களோடு பேருந்தில் வரும்.

மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்களுக்கு இந்த நோய் பெரிதாகத் தாக்கவில்லையே என்றால், அவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியது கரையில் இழுத்த ஒரே மூச்சோடு. ஒரு மூச்சில் கரைவதற்கு எவ்வளவு நைட்ரஜன் இருந்துவிடும்? காற்றைக் கீழே அனுப்பத் தொடங்கிய பிறகுதான் சிக்கல். படகில் கம்ப்ரஸரை வைத்து, குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு நெடுநேரம் சங்கு குளிப்பவர்கள் தூத்துக்குடிப் பக்கம் உண்டு. ஆழமானி கிடையாது, அட்டவணை கிடையாது, சொல்லிக் கொடுப்பவரும் கிடையாது. வெளியூரிலிருந்து ஒருநாள் வேடிக்கைக்கு வருபவருக்குக் கிடைக்கும் கருவியும் கவனமும், கடலையே நம்பிப் பிழைப்பவருக்கு எட்டாமல் இருப்பது நமக்குப் பெருமை சேர்க்கிற விஷயமில்லை. நூறாண்டுக்கு மேல் பழைய அறிவு இது, ஒரு பக்கத் துண்டறிக்கையில் அடங்கும். மீன்வளத் துறை அதைத் தமிழில் அச்சிட்டுப் படகுத் துறைகளில் ஒட்டலாம். சுற்றுலாத் துறை மலைப்பாதைகளின் அடிவாரத்தில் ஒரு பலகை வைக்கலாம்.

அதுவரை, கற்றுக்கொள்ளப் போகிறவர்தான் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது மீன்களின் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் பழக்குகிறார்களா, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்துகிறார்களா, படகில் முதலுதவிக்கு ஆக்சிஜன் இருக்கிறதா, ஏதாவது நேர்ந்தால் அழுத்த அறை உள்ள எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது என்பதை முதல் நாளே சொல்கிறார்களா என்றும் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூட மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம். கடைசியாக, "நான் மலையில் இருப்பவன், எப்போது வீடு திரும்பலாம்?" என்று கேளுங்கள். "அதற்கென்ன, அன்றைக்கே போகலாம்" என்று பதில் வந்தால் வேறு பள்ளி பாருங்கள். சரியான பள்ளி கிடைத்தாலும் கடைசி முழுக்குக்குப் பிறகு ஒரு முழு நாள் சமவெளியிலேயே தங்குங்கள். மதுரையில் ஒரு இரவு அறை எடுப்பதற்கு ஆகும் செலவையும் பயிற்சிக் கட்டணத்தோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.