தோடு தந்த பாடம்



அரையாண்டுப் பரீட்சை லீவில் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று நானும் மகளும் நச்சரித்ததில், என் கணவர் ஒருவழியாக ஆலப்புழைக்கு டிக்கெட் எடுத்தார். சென்னையிலிருந்து வரும் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் நடுராத்திரிக்கு மேல் ஈரோட்டில் ஏறினால், மறுநாள் மதியத்துக்குள் கடலோரத்தில் இறங்கிவிடலாம். படகு வீட்டில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வாடகையைக் கேட்டதும் அந்த ஆசை அங்கேயே அடங்கிவிட்டது. எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவை ஒரே ராத்திரிக்குக் கேட்டார்கள்!

"விடுங்க, ரெண்டு காலு இருக்குதில்லீங்க? நடந்தே ஊரைப் பார்க்கலாம்" என்றேன். அப்படி நடந்ததில்தான், இன்று உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது.

ஆலப்புழையில் வாடைக் கால்வாய், கமர்ஷியல் கால்வாய் என்று இரண்டு பெரிய கால்வாய்கள் தண்டவாளம் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ஊருக்குள் ஓடுகின்றன. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் அரபிக்கடல். நடுவில் இந்தக் கால்வாய்கள். "பேரே வாடைக் கால்வாயா! அப்ப நாத்தம் அடிக்குமாம்மா?" என்று மகள் முன்கூட்டியே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். படகுத்துறையிலிருந்து கரையோரமாக நடக்க ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டாள்.

காலை வெயில் தெரியாதபடி பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரின் மேல் குடை பிடிக்கின்றன. அரசாங்கப் படகு ஒன்று பஸ் மாதிரி ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. காய்கறிக் கூடையோடு பெண்கள், புத்தகப் பையோடு பிள்ளைகள் என்று நம் ஊர் டவுன் பஸ் கூட்டமேதான்! கொஞ்ச தூரத்துக்கு ஒரு பாலம். ஒவ்வொரு பாலத்திலும் நின்று எட்டிப் பார்க்காமல் எனக்கு நகர முடியவில்லை. "இப்படி நின்னு நின்னு வந்தா கடலுக்கு எப்பப் போறது?" என்று இவர் சலித்துக்கொண்டார். வீட்டில் அடுப்பும் பாத்திரமுமாகவே நிற்கிற நமக்கு, ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நிற்பது எவ்வளவு பெரிய சுகம் என்று ஆண்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

இந்தக் கால்வாய்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ்தான் ஆலப்புழையைத் துறைமுக நகரமாக வளர்த்தவர் என்கிறார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பக்கத்தில் பிறந்தவர் அவர். உள்நாட்டில் விளைந்த மிளகும் தேங்காயும் படகில் காயலைக் கடந்து, கால்வாய் வழியாகக் கடற்கரைக்கு வந்து கப்பல் ஏறின. குஜராத்திலிருந்து வியாபாரிகள் வந்து குடியேறினார்கள். அவர்கள் கட்டிய ஜைனக் கோவில் இன்றும் இருக்கிறது. 1859-ல் ஜேம்ஸ் டாரா என்ற வெள்ளைக்காரர் இங்கே கயிற்றுப் பாய் நெய்யும் தொழிற்சாலையை ஆரம்பித்தார். நம் வாசலில் கால் துடைக்கப் போட்டிருக்கிறோமே, தேங்காய் நார் மிதியடி, அந்தத் தொழில் வளர்ந்த ஊர் இதுதான். 1862-ல் கலங்கரை விளக்கமும் வந்தது. பிற்பாடு கொச்சித் துறைமுகம் பெரிதானதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலத்தின் தூண்கள் மட்டும் அலையில் நின்றுகொண்டிருக்கின்றன.

சரி, பாடத்துக்கு வருகிறேன். கடற்கரைக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் வாங்கி, மூன்று பேரும் தின்றுகொண்டே ஒரு பாலத்தின் மேல் நின்றோம். பாக்கெட் காலியானது. என் கை தன்பாட்டுக்குக் கவரைக் கசக்கித் தண்ணீரில் போட்டது. போட்டோம் என்கிற நினைப்புகூட எனக்கு இல்லை.

பாலத்து முனையில் பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, "மோளே! தோட்டில் களயல்லே!" என்று சத்தம் போட்டார்.

தோடு என்று காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. கல்யாணத்துக்கு அப்பா போட்ட அரைப் பவுன் தோடு! இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. திருகாணியையும் தடவிப் பார்த்தேன். அதுவும் இருந்தது. ஒன்றும் புரியாமல் முழித்தேன். இவர் பாலக்காட்டில் இரண்டு வருஷம் ஜவுளி வியாபாரம் பார்த்தவர், மலையாளம் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தார். "உன் தோடு இல்லடி, அவங்க ஊருல தோடுன்னா வாய்க்கால். வாய்க்கால்ல குப்பை போடாதேன்னு சொல்றாங்க!"

மகளும் சிரித்தாள். நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. கடைக்குள்ளிருந்து ஒரு நீளக் கம்பை எடுத்து வந்து, கவர் மிதந்து போவதற்குள் கரையோரம் ஒதுக்கி, குனிந்து எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எங்கள் அம்மா வயசிருக்கும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவரே பிறகு பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பேசினார். இவர் தமிழில் சொன்னார். சின்ன வயசிலிருந்தே கயிறு வேலை செய்தவராம். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயல் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து, கட்டையால் அடித்து நார் பிரிப்பது பெண்கள்தான். ராட்டில் கயிறு திரிப்பதும் பெண்கள்தான். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டிய கெட்டுவள்ளத்தில் அந்தக் கயிறு இதே கால்வாயில் போகுமாம். (நான் ஏங்கிய படகு வீடு அந்தக் கெட்டுவள்ளத்துக்குக் கூரை போட்டதுதான்!) "இந்தத் தண்ணிதான் எங்களுக்குச் சோறு போட்டது. நடுவுல நாங்களே இதுல குப்பையைக் கொட்டி, மூக்கைப் பொத்திக்கிட்டு நடந்தோம்" என்றார்.

ஊர்க் குப்பையையெல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் சர்வோதயபுரம் என்ற இடத்தில் கொட்டி வந்தார்களாம். 2012-ல் அந்த ஊர் மக்கள் பொறுக்க முடியாமல் லாரிகளை மறித்துவிட்டார்கள். டவுன் முழுக்கக் குப்பை தேங்கிப்போனது. அதற்குப் பிறகுதான் நகராட்சி, உங்கள் வீட்டுக் குப்பையை உங்கள் வீட்டிலேயே உரமாக்குங்கள் என்று இறங்கியது. வீடுகளுக்குக் குழாய் உரத்தொட்டியும் சாண எரிவாயுத் தொட்டி மாதிரி சின்னச் சின்னத் தொட்டிகளும் வந்தன. இடம் இல்லாதவர்களுக்குத் தெருவோரம் காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டுக் கட்டிய பெட்டிகள். அதில் சாணம், காய்ந்த இலை, சமையல் கழிவு என்று மாற்றி மாற்றி அடுக்கினால், சுமார் மூன்று மாதத்தில் நாற்றமில்லாத உரம். அப்படி ஒரு பெட்டியை அந்த அம்மா காட்டினார். நானும் கிட்டப் போய் மோந்து பார்த்தேன். நிஜமாகவே நாற்றமில்லை! 2017-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக, ஜப்பானின் ஒசாகாவோடு சேர்த்து ஆலப்புழையையும் சொன்னதாம்.

எல்லாம் சுத்தம் என்று பொய் சொல்லமாட்டேன். சில இடங்களில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது, பாட்டில்களும் மிதந்தன. ஆனால் போடுகிறவரைத் தட்டிக் கேட்க ஒரு கிழவி இருந்தாரே, அதுதான் என் மனசை அறுத்தது.

ஏன் தெரியுமா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவது காலிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானியில் ஆரம்பித்துக் கொடுமுடிப் பக்கம் வரை வயலுக்கு உயிர் கொடுப்பது. தண்ணீர் கறுத்துப்போனதற்குச் சாயக் கழிவுதான் காரணம் என்று எங்கள் தெருவே பேசும். அதுவும் உண்மைதான். ஆனால் கல்யாணமாகி வந்த 14 வருஷமாக, தினம் ராத்திரி பாத்திரம் கழுவிய கையோடு கேரி பேக்கைக் கட்டிப் பின்வாசல் வழியாக வாய்க்காலில் வீசியது யார்? நான்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மாதவிலக்கு நாளில் நாப்கினையும் பேப்பரில் சுற்றி அங்கேதான் வீசினேன். என் மாமியார் செய்தார், நானும் செய்தேன். அன்றைக்குப் பாலத்தில் என் மகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளும் நாளை அதையேதானே செய்வாள்?

அன்று சாயங்காலம் முல்லக்கல் பகவதி கோவில் வீதி முழுக்க மார்கழிச் சிறப்புத் திருவிழாக் கடைகள், சீரியல் பல்புகள். மகள் வளையல் வாங்கினாள். என் கைப்பையில் அந்தச் சிப்ஸ் கவர் அப்படியே இருந்தது. ஈரோடு வரை அதைக் கொண்டுவந்தேன்.

வந்த மறுநாளே இரண்டு பழைய மண்பானைகளைத் தேடி எடுத்துப் பக்கவாட்டில் ஓட்டை போட்டேன். "குப்பையை வீட்டுக்குள்ள சேர்த்து வெச்சா மூதேவிதான் வருவா" என்று அத்தை ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் விடவில்லை. செய்முறை சுலபம்தான்:

அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்த்தூள். மேலே காய்கறித் தோல், டீத்தூள், வாடிய பூ. அதன்மேல் மறுபடி ஒரு கை நார்த்தூள். வாரம் ஒருமுறை ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்து, குச்சியால் கிளறி மூடி வைக்க வேண்டும். ஈரம் அதிகமாகி வாடை வந்தால் நார்த்தூளைக் கூட்டினால் போதும். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் போடக்கூடாது. ஒரு பானை நிறைந்ததும் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த பானை. நாப்கினைத் தனியாகப் பேப்பரில் சுற்றி, அடையாளம் போட்டுக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாம் மாதம் பானையைக் கவிழ்த்தபோது கறுகறுவென்று மண்வாசனையோடு உரம். தானாகவே இரண்டு தக்காளி நாற்று முளைத்திருந்தது. அத்தை அதை எடுத்து நட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு! தெருவில் பக்கத்து வீட்டு அக்காவும் எதிர்வீட்டுப் புதுப்பெண்ணும் பானை வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "நீ ஒருத்தி வெச்சா வாய்க்கால் வெளுத்துருமா?" என்று கேட்கிறார்கள்.

வெளுக்காதுதான். ஆனால் எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். தன் சுயநலத்துக்குத்தான் வாய்க்கால் வெட்டினான் என்று யாரோ பேசியதைக் கேட்டு, இந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட என் வம்சம் குடிக்காது என்று காலிங்கராயன் சத்தியம் செய்துவிட்டு ஊரைவிட்டே போனாராம். தனக்கு வேண்டாமென்று அவர் நமக்கு விட்டுப்போன தண்ணீர் அது. அதில் என் வீட்டுக் குப்பை இனி விழாது. அந்த ஒரு சத்தியத்தை நான் காப்பாற்ற முடியும்.

நீங்களும் ஒரு பானை வையுங்கள் சகோதரிகளே. தோட்டை இனி பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம். காதில் இருப்பதையும், வீட்டுக்குப் பின்னால் ஓடுவதையும்!

— ஒரு வாசகி, ஈரோடு.