பாட்டியின் இழுப்பும் பேரனின் மூச்சும்

ஜூன் மாதத்து மழை கழிமுகத்தைக் கடந்து வந்து, நவி மும்பையில் சிட்கோ நிறுவனம் கட்டிய வாஷியின் பழைய அடுக்கு வீடுகளில் சுவரெல்லாம் ஓதம் ஏறத் தொடங்கியதும், மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் பாலம் தாண்டிக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "எங்க மாமியாருக்கு இழுப்பு உண்டே, பேரனுக்கும் ஒட்டிக்குமோ?"

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிரியம் மோஃபட், வில்லியம் குக்சன் முதலியோர், சிறுவயதிலேயே இந்த இழுப்பு, அதாவது ஆஸ்துமா, தொடங்கிய 994 பேரையும் அந்நோய் இல்லாத 1,243 பேரையும் எடுத்து, அவர்களுடைய மரபணுத் தொகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பதினேழாவது குரோமோசோமில் ஓர்ம்டிஎல்3 என்னும் ஜீனை ஒட்டிய பகுதியில் சில எழுத்து மாறுதல்கள் நோயுற்றோரிடம் அதிகமாக இருக்கக் கண்டார்கள். எழுத்து என்றது காரணத்தோடுதான். நான்கே எழுத்துக்களால் ஆன மரபணுத் தொகுதி என்னும் நீண்ட சாசனத்தில் ஓரிடத்தில் ஓரெழுத்து மாறியிருப்பது, ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய நம் பதிப்பாசிரியர்கள் சொல்லும் பாடபேதத்தைப் போன்றது. நோயே இல்லாத எத்தனையோ பேரிடமும் அது உண்டு.

அந்தப் பாடபேதம் தானாக மூச்சை இறுக்கிவிடுவதில்லை. பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்து 2008-ல் எழுதியவர்கள், குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் ஆஸ்துமாவோடுதான் அதற்கு நெருங்கிய சம்பந்தம் என்றும், புகையிலைப் புகை சூழ்ந்த வீட்டில் வளர்ந்த சிசுக்களிடம் அந்தச் சம்பந்தம் இன்னும் வலுப்பதாகவும் தெரிவித்தார்கள். விசித்திரம் என்னவென்றால், ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் அதே பாடபேதத்தோடு பிறந்து, மாட்டுத் தொழுவத்துக் காற்றை நுகர்ந்து வளர்ந்த குழந்தைகளிடம் மூச்சிரைப்பு குறைவாகவே இருந்தது. ஆக, பாட்டியிடமிருந்து பிதுரார்ஜிதமாய் வருவது நோயன்று. சூழ்நிலைக்குச் சட்டென்று இணங்கிவிடும் ஒரு சுபாவமே என்று கொள்ளலாம்.

தோலுக்கு வேலியாக நிற்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் கதையும் இத்தகையதே. அதன் ஜீனில் பழுதிருந்தால் கரப்பான் வர ஏதுவுண்டு என்பதும், அத்துடன் ஆஸ்துமாவும் சேர்ந்துகொள்ளக்கூடும் என்பதும் 2006-ல் தெளிவாயின. ஆனால் ஐரோப்பியரிடம் அடிக்கடி காணும் பழுதுகள் ஆசியரிடம் அப்படியே இருப்பதில்லை. டெல்லியிலுள்ள மரபணுத்தொகுதி ஆராய்ச்சிக் கழகத்தார் இந்தியக் குடும்பங்களையே தனியாக எடுத்து ஆஸ்துமாவை ஆராய்ந்ததன் அவசியம் இதனால் விளங்கும்.

ஆகையால்தான் விஷயம் தெரிந்த வைத்தியர் ஜீன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பதில்லை. வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள், மசாலா மார்க்கெட்டிலிருந்து வாங்கிய மிளகாயை எங்கே வைத்து இடிக்கிறீர்கள், பிள்ளையின் கட்டில் எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்றுதான் கேட்கிறார்.